இச்சி மரத்துக்கு வாடகை: ஏற்காட்டுப் பறவைப் பயணங்களின் வரவு செலவு

2021 டிசம்பரில் ஏற்காட்டுக்கு நாங்கள் நடத்திய முதல் பறவைப் பயணத்தின் கணக்கு என் நோட்டில் இன்னும் இருக்கிறது. பதினான்கு பேர், தலைக்கு 1,500 ரூபாய், மொத்தம் 21,000. வேனுக்கு 6,500. லாட்ஜுக்கு 7,200. சாப்பாடு, டீ, பஜ்ஜி வகையறா 4,800. பேனரும் தொப்பியும் 1,400. மரக்கன்று 600. எஸ்டேட் கேட்டைத் திறந்துவிட்டவருக்கு 500. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். நான் சேலத்தில் லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதுகிறவன், கூட்டலில் தப்பு விடமாட்டேன்.

தப்பு வேறு இடத்தில் இருந்தது. 'பறவை பார்ப்போம், காட்டைக் காப்போம்' என்று பேனரில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தோம். காட்டுக்கென்று போனது அறுநூறு. அந்த வாசகத்தை அச்சடித்த பேனருக்கும் தொப்பிக்கும் போனது அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். லாட்ஜ் ஏற்காட்டில்தான் இருக்கிறது, ஆனால் அதன் முதலாளி மலையில் இல்லை. வேன் சேலத்து வேன். மலையிலேயே பிறந்து வளர்ந்த ஒருவர் கைக்குப் போன பணம், கேட்காரரின் 500 மட்டும்.

அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகளில் நாங்கள் எதை மாற்றினோம், எதில் சறுக்கினோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நாங்கள் பதிவு பெற்ற அமைப்பு எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மூக்கனேரிக் கரையில் பைனாகுலரோடு நிற்கிற கூட்டம். ஒரு பள்ளி ஆசிரியை, உருக்காலையில் ஓய்வு பெற்ற ஒருவர், ஒரு நர்ஸ், இரண்டு கல்லூரிப் பையன்கள், நான், அவ்வப்போது வந்து போகிறவர்கள். நீர்க்கோழியும் நாரையும் பார்த்துப் பழகியவர்கள், மலைக் காட்டைப் பற்றி ஒன்றும் தெரியாமலேயே மலை ஏறினோம்.

இது மழைக்காடா?

முதலில் இதைத் தெளிவாக்கிவிட வேண்டும். சேர்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு, ஏறத்தாழ 1,500 மீட்டர். கீழ்ச் சரிவெல்லாம் முட்புதரும் பாறையும் இலையுதிர் காடும். உச்சிப் பகுதியில் ஒரு காலத்தில் சோலை போன்ற பசுமைக்காடு அடர்ந்திருந்தது. தலைச்சோலை என்கிற ஊர்ப்பெயரே அதைச் சொல்கிறது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காபியைக் கொண்டுவந்தார். அதற்கப்புறம் சோலையின் இடத்தைத் தோட்டம் பிடித்தது. பாக்சைட் சுரங்கம் ஒரு பக்கத்தைக் குடைந்தது. இப்போது ரிசார்ட்டும் மனைப் பிரிவும்.

ஆகவே ஆனைமலையில் இருப்பது போன்ற மழைக்காடு இங்கே கிடையாது. இருப்பது ஓடை ஓரத்துத் துண்டுகள், கோயிலைச் சுற்றி விட்டுவைத்த மரங்கள், அப்புறம் காபிச் செடிக்கு நிழலாக நிற்கும் பழைய நாட்டு மரங்கள். இந்தக் கடைசி வகைதான் முக்கியம். காட்டுப் பறவைக்கு இன்று ஏற்காட்டில் காடு என்று இருப்பதே பெரும்பாலும் யாரோ ஒருவருடைய பட்டா நிலத்தில் நிற்கும் நிழல் மரம். அதை வெட்டுவதா விடுவதா என்று முடிவு செய்கிறவர் அந்த நிலத்துக்காரர். அவருக்கும் எங்கள் பேனருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாமல் இருந்ததுதான் முதல் பயணத்தின் கோளாறு.

நிழல் மரம் என்றால் இன்று பெரும்பாலும் சில்வர் ஓக். ஆஸ்திரேலிய மரம். நேராக, வேகமாக வளரும், மிளகுக் கொடி ஏற்றலாம், பணமுடை வந்தால் பிளைவுட்டுக்கு விற்றுக் காசாக்கலாம். சிறு விவசாயிக்கு அது சீட்டு போட்ட மாதிரி. அதன் ஆரஞ்சுப் பூவில் தேன் உண்டு, தேன்சிட்டு வரும். ஆனால் சதைப்பழம் இல்லை. பழந்தின்னிப் பறவைக்கு சில்வர் ஓக் தோப்பு என்பது கடைகள் எல்லாம் அடைத்திருக்கும் தெரு மாதிரி.

அறுபது கன்றும் ஒரு சின்னானும்

அந்த 600 ரூபாய்க்கு, கன்று பத்து ரூபாய் வீதம் அறுபது கன்று வாங்கினோம். புங்கன், பூவரசு, நீர்மருது. மூன்றுமே சமவெளியில் நன்றாக வளர்கிற மரங்கள். மலையின் கீழ்ச் சரிவில் ஓரிடத்தில் பாறையும் புதருமாக 'வெறுமையாக'க் கிடந்த ஒரு மேட்டைப் பார்த்து, இங்கே நட்டால் காடாகிவிடும் என்று முடிவு செய்தோம். நிலம் யாருடையது என்றுகூடக் கேட்கவில்லை. நட்டோம், போட்டோ எடுத்தோம், இறங்கினோம்.

மார்ச்சில் போய்ப் பார்த்தபோது ஒன்பது கன்று மிஞ்சியிருந்தது. மற்றதை வெயிலும் ஆடும் தின்றிருந்தன. ஆசிரியை கன்றுகளை எண்ணிக்கொண்டிருந்தார். உருக்காலைக்காரர் பைனாகுலரைக் கீழே இறக்கவே இல்லை. "அசையாதீங்க" என்றார். இருபது அடி தூரத்தில் ஒரு உருண்டைப் பாறையின் மேல் ஒரு பறவை. சின்னான் (புல்புல்) ஜாதிதான், ஆனால் கொண்டை இல்லை. தலையும் தொண்டையும் மஞ்சள், மார்பு சாம்பல், வால் நுனி வெளிறியிருந்தது. பாறையிலிருந்து புதருக்குள் இறங்கி, ஒரு பழத்தைப் பறித்துக்கொண்டு மறுபடி அதே பாறைக்கு வந்தது. மஞ்சள்தொண்டைச் சின்னான். தென்னிந்தியத் தீபகற்பத்தைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத பறவை. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யு.சி.என்.-இன் சிவப்புப் பட்டியலில் அழியும் வாய்ப்புள்ள இனமாக இருக்கிறது.

அதற்கு வேண்டியது பாறையும் புதரும். நாங்கள் 'வெறுமை' என்று நினைத்த அந்த மேடுதான் அதன் வீடு. குவாரிக்காகப் பாறையை உடைப்பதும், புதரை அழித்து மரம் நடுவதும் இந்தப் பறவைக்குக் கேடு. எங்கள் அறுபது கன்றும் பிழைத்து வளர்ந்திருந்தால் அதன் குடியைக் கெடுத்த பெருமை எங்களைச் சேர்ந்திருக்கும். செத்துப்போன கன்றுக்காக இவ்வளவு நிம்மதிப்பட்டவர்கள் நாங்களாகத்தான் இருப்போம். மிச்சமிருந்த ஒன்பதையும் பிடுங்கிக்கொண்டு இறங்கினோம். அந்த மேடு எங்கே என்று எழுதப் போவதில்லை, காரணம் கீழே வரும்.

மற்ற இடங்களில் பணம் போன வழி

அந்தத் தோல்விக்குப் பிறகு ஆறு மாதம் எந்தப் பயணமும் போடவில்லை. படித்தோம், விசாரித்தோம். பறவை பார்க்க வருகிறவர் பணம் உண்மையில் காட்டைக் காப்பாற்றிய இடங்கள் எவை என்று தேடினால், எல்லாவற்றிலும் ஒரு பொது விஷயம் இருந்தது: மரத்தை வெட்டும் உரிமையோ வேட்டையாடும் பழக்கமோ யாரிடம் இருந்ததோ, அவர் கைக்கே பணம் போயிருக்கிறது.

ஈக்வடாரில் மிண்டோ பக்கத்து மேகக்காட்டில் ஆங்ஹெல் பாஸ் என்ற விவசாயி இருக்கிறார். மரம் வெட்டியும் விவசாயம் பார்த்தும் பிழைத்த குடும்பம். தன் நிலத்துக் காட்டில் ஒருவகைச் சிவப்புப் பறவை கூட்டமாகக் கூடி ஆடும் இடம் இருப்பதைக் கண்டு, அதைக் காட்டப் பாதை வெட்டினார். அந்தப் பாதையில் எதிர்ப்பட்டது ஜயன்ட் ஆன்ட்பிட்டா. உலகத்துப் பறவை ஆர்வலர்கள் வருடக்கணக்காகத் தேடியும் கண்ணில் படாமல் புதருக்குள் ஒளிந்து திரியும் பறவை. மண்புழுவைத் தூக்கிப் போட்டுப் போட்டு அதைப் பழக்கினார், மரியா என்று பெயர் வைத்தார். அவர் கூப்பிட்டால் மரியா பாதைக்கு வரும். ஆள்கள் குவிந்தார்கள், காடு நின்றது. காட்டுப் பறவைக்கு இரை போட்டுப் பழக்கலாமா என்பது தனி வழக்கு, எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் நிலம் அவருடையது, காசு நேராக அவர் சட்டைப்பைக்குப் போனது. இடையில் வேன்காரர் இல்லை, லாட்ஜ்காரர் இல்லை.

அருணாசலப் பிரதேசத்தின் ஈகிள்நெஸ்ட் வனவிலங்குச் சரணாலயம் இன்னும் நெருக்கமான கதை. வானியல் ஆய்வாளரான ரமணா ஆத்ரேயா அங்கே 1995-இல் ஒரு பறவையைப் பார்த்தார், 2006-இல் அது புதிய இனம் என்று அறிவித்தார். புகுன் பழங்குடியினரின் பெயரையே அதற்கு வைத்தார்: புகுன் லியோசிக்லா. புதிய இனத்தை அறிவிக்க ஒன்றைக் கொன்று பாடம் செய்து வைப்பது பழைய வழக்கம். இருப்பதே சில பறவைகள் என்பதால் அவர் கொல்லவில்லை, இறகும் படமும் போதும் என்று நின்றார். அதன்பின் பறவை பார்க்க வருகிறவர்களுக்கு முகாம் நடத்துவதும் வருமானம் பார்ப்பதும் அந்த மக்களின் பொறுப்பில் வந்தது. 2017-இல் சிங்சுங் கிராமத்துப் புகுன் மக்கள் தங்கள் காட்டில் 17 சதுர கிலோமீட்டரைச் சமூகக் காப்பகமாக ஒதுக்கினார்கள்.

எங்களுக்கு வழிகாட்டியது அதே மாநிலத்து பக்கே புலிகள் காப்பகம். அங்கே 2012 வாக்கில் தொடங்கியது இருவாச்சி (ஹார்ன்பில்) கூட்டைத் தத்தெடுக்கும் திட்டம். ஊர் ஊராக இருப்பவர்கள் வருடத்துக்கு ஒரு தொகை கட்டுகிறார்கள். அந்தப் பணம் நிஷி பழங்குடிக் கிராமத்து ஆட்களுக்குச் சம்பளமாகிறது. முன்பு வேட்டைக்குப் போனவர்களும் அதில் உண்டு. அவர்கள் கூட்டு மரத்தைத் தேடிக் கண்டுபிடித்துக் காவல் காக்கிறார்கள். பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை எச்சத்தாலேயே பூசி அடைத்துக்கொள்ளும், ஆண் மாதக்கணக்கில் ஒரு கீற்று வழியாக ஊட்டும். அவ்வளவு பெரிய பொந்துக்குக் கிழட்டு மரம் வேண்டும். ஒரு மரம் போனால் ஒரு குடும்பமே போயிற்று. காசை 'காடு' என்கிற பெரிய சொல்லுக்குக் கட்டாமல் ஒரு மரத்துக்குக் கட்டுவது எனக்குப் பிடித்திருந்தது. கணக்குப்பிள்ளைக்கு அது புரிகிற மொழி.

வால்பாறைக்கு நேரிலேயே போனோம். ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு, நர்ஸ் அக்கா இருபத்தெட்டாவது வளைவில் வேனை நிறுத்தச் சொன்னார், அதற்கு மேல் விவரம் வேண்டாம். தேயிலைக்கு நடுவே தீவு தீவாக நிற்கும் மழைக்காட்டுத் துண்டுகளை நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2000-களின் தொடக்கத்திலிருந்து மீட்டு வருகிறது. திவ்யா முத்தப்பாவும் டி.ஆர். சங்கர் ராமனும் அதன் பின்னால் இருப்பவர்கள். நிலம் தோட்டக் கம்பெனிகளுடையது, ஆகவே அவர்களோடு பேசித்தான் வேலை. உண்ணிச்செடி என்கிற அயல்நாட்டுப் புதரை வேரோடு களைவது, அந்தக் காட்டு மரத்து விதையையே பொறுக்கி நாற்று வளர்ப்பது, பல வகையையும் கலந்து நடுவது, நட்டபின்னும் விடாமல் பராமரிப்பது. எங்கள் அறுநூறு ரூபாய் மகத்துவம் அங்கே நன்றாகவே உறைத்தது. திரும்பும் வழியில் தேயிலைக்கு மேலே ஒரு மலை இருவாச்சி பறந்து போனது. பார்ப்பதற்கு முன்னால் காதில் விழுந்துவிட்டது: பழைய கரி எஞ்சின் மூச்சு விடுகிற மாதிரி சிறகுச் சத்தம்.

கல்லூரிப் பையன் ஒருவன் அங்கிருந்து நாற்று வாங்கி ஏற்காட்டில் நடலாம் என்றான். ஆசை நல்ல ஆசை. ஆனால் அந்த மலைக் காடு வேறு, இந்த மலைக் காடு வேறு. ஒருமுறை சூடு பட்டிருந்ததால் வாயைக் கட்டிக்கொண்டோம்.

ஆறுமணிக்குருவியும் பெரியவரும்

2022 நவம்பரில் மறுபடி ஏற்காடு. இந்த முறை டவுனில் தங்கவில்லை. வடக்குப் பக்கக் கிராமம் ஒன்றில், மலையாளி என்கிற இந்த மலைப் பழங்குடியை (கேரளத்தவர் அல்ல) சேர்ந்த ஒரு பெரியவரின் காபித் தோட்டத்தில் நடக்க அனுமதி கேட்டிருந்தோம். மூன்று ஏக்கர்தான். அவர் மகன் எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவர், பையன்களில் ஒருவனுக்குப் பழக்கம்.

காபி இலைச்சருகின் மேல் ஆறுமணிக்குருவி மேய்ந்துகொண்டிருந்தது. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, அக்டோபர் வாக்கில் தெற்கே இறங்கும் பறவை. பறந்த களைப்பில் சில சமயம் ஊருக்குள் யார் வீட்டு வராண்டாவிலாவது விழுந்து கிடக்கும். காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் கூப்பிடுவதால் அந்தப் பெயர். புதிதாக எங்களோடு வந்திருந்த ஒரு போட்டோகிராபர் பையிலிருந்து ப்ளூடூத் ஸ்பீக்கரை எடுத்து அதன் குரலைப் போட்டார். குருவி வந்தது. வேறொருவன் தன் இடத்தில் புகுந்துவிட்டான் என்று நினைத்து, ஸ்பீக்கரைச் சுற்றிச் சுற்றிக் குதித்தது. சருகைப் புரட்டவில்லை, புழு எடுக்கவில்லை, கழுத்தை நீட்டிப் பதில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அவர் இருபது தடவையாவது திரும்பத் திரும்பப் போட்டிருப்பார். நாங்களும் படம் வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டு நின்றோம்.

பெரியவர் கொத்தை ஊன்றிக்கொண்டு பார்த்தபடி இருந்தார். "யாரோ வாசல்ல நின்னு கத்திக்கிட்டே இருந்தா வீட்டுக்காரன் எப்பங்க சோறு திம்பான்?" என்றார். ஸ்பீக்கர் பைக்குள் போனது. அன்றிலிருந்து எங்கள் பயணத்தில் ஸ்பீக்கர் கிடையாது. கொண்டுவந்தால் அடிவாரத்திலேயே இறக்கிவிடுகிறோம்.

அந்தத் தோட்டத்தின் நடுவில் ஒரு இச்சி மரம். அடியை நான்கு பேர் கைகோத்தால்தான் பிடிக்கலாம். நாங்கள் போன வாரம் அது பழுத்திருந்தது. இச்சி, அத்தி, ஆல் எல்லாம் ஒரே குடும்பம். ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று ஒரு குட்டிக் குளவி இருந்தால்தான் மகரந்தம் சேரும். அந்தக் குளவிக்கு எப்போதும் எங்காவது காய் வேண்டும் என்பதால், மரங்கள் எல்லாம் ஒரே பருவத்தில் காய்ப்பதில்லை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதம். மற்ற மரங்கள் கையை விரிக்கும்போதும் எங்கோ ஒரு இச்சி பழுத்து நிற்கும். சின்னக் குக்குறுவான், செம்மீசைச் சின்னான், பச்சைப்புறா, குயில், மாங்குயில் என்று அன்று காலை கல்யாணப் பந்தி. சின்னக் குக்குறுவான் மேற்கு மலைக்காரன். கிழக்கே சேர்வராயன், சித்தேரி மலைப் பக்கம்தான் முக்கியமாகக் குடியிருக்கிறான். அவனை இங்கே பிடித்து வைத்திருப்பவை இந்த மாதிரி மரங்கள்.

நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பெரியவர் சாதாரணமாகச் சொன்னார்: "இத தை மாசம் வெட்டப்போறேன் தம்பி."

பேரம்

அவர் சொன்ன நியாயம் இது. இச்சியின் அடர் நிழலில் முப்பது காபிச் செடி நிற்கிறது, காய் பிடிப்பதே இல்லை. காற்றடித்தால் கிளை முறிந்து செடி மேல் விழுகிறது. வெட்டினால் இருபது சில்வர் ஓக் வைக்கலாம், நாலைந்து வருடத்தில் மிளகு ஏறிவிடும். "பறவைக்குப் பழம் வேணும், சரி. எனக்கு?" என்றார்.

இதற்குப் பதிலாகச் சொல்ல எங்களிடம் இயற்கை, சூழல், வருங்காலச் சந்ததி என்று பல சொற்கள் இருந்தன. ஆசிரியை வாயைத் திறந்தார். நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, நோட்டை எடுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். முப்பது செடி காய்த்தால் எவ்வளவு, மிளகு எவ்வளவு, கிளை விழுந்த நஷ்டம் எவ்வளவு. அவர் கேட்டது வருடத்துக்கு 15,000. நான் சொன்னது 9,000. சேலத்து லீ பஜார் சந்தையில் மூட்டைக்குப் பேசுவது போலத்தான் பேசினோம், 12,000-இல் நின்றது. இச்சிக்கும், ஓடையோரம் இருந்த பொந்து மரம் ஒன்றுக்கும் சேர்த்து. வருடத்தில் இரண்டு பயணம், பயணத்துக்கு 6,000. 'மர வாடகை' என்று நோட்டில் தலைப்புப் போட்டேன். அவருக்கு அந்தச் சொல் பிடித்துவிட்டது. வீட்டை இடிக்காமல் விட வாடகை கொடுக்கிறார்கள் என்று ஊரில் சொல்லிச் சிரித்தாராம்.

ஒரு பக்கத்தில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். மரத்தை வெட்டக் கூடாது. ஒரு பயணத்துக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் கூடாது. ஸ்பீக்கர், டிரோன் கூடாது. கோர்ட்டில் நிற்காத காகிதம், ஆனால் அதற்கென்று ஒரு மரியாதை இருந்தது.

அடுத்த பயணத்தின் கணக்கு இப்படி: பன்னிரண்டு பேர், தலைக்கு 1,800, மொத்தம் 21,600. பெரியவர் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் தங்கியதற்கு 5,400. சாப்பாடு அவர் மருமகளும் அண்டை வீட்டுப் பெண்களும் சமைத்தது, 4,800. கூட வந்து காட்டிய இரண்டு இளைஞர்களுக்கு 2,400. ஏற்காட்டிலிருந்து ஜீப்புக்கு 3,000. மர வாடகை 6,000. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு அரசு பஸ், டிக்கெட் அவரவர் பாடு. பேனர் இல்லை. முதல் பயணத்தில் திரண்டதும் ஏறக்குறைய இதே தொகைதான். இந்த முறை மொத்தமும் மலையிலேயே நின்றது. களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்டுப் பழகாத ஒருவர் மட்டும் கையோடு கொண்டுவந்த தட்டுவடை செட்டில் இரண்டு நாள் ஓட்டினார்.

ஓட்டைகள்

நன்றாகப் போனதை எழுதுவது சுலபம். போகாதது மூன்று.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் 2023-இல் தன்னுடைய இச்சியையும் ஒரு பெரிய பலாவையும் வெட்டினார். நாங்கள் போனபோது அடிமரம் இன்னும் ஈரமாக இருந்தது. "எனக்கு யார் வாடகை தர்றாங்க?" என்று கேட்டார். பதில் இல்லை. எங்கள் பணம் ஒரு தோட்டத்து வேலியோடு நின்றுவிட்டது. பன்னிரண்டு பேர் வருடத்துக்கு இரண்டு தடவை போய் ஒரு மலையைக் காப்பாற்ற முடியாது என்பது கூட்டல் தெரிந்த யாருக்கும் தெரியும். அன்று அதை ஒரு அடிமரத்தின் மேல் உட்கார்ந்து பார்த்தேன்.

அடுத்தது ரீல்ஸ். எங்களோடு வந்த ஒருவர் ஆறுமணிக்குருவியின் வீடியோவை இடத்தின் பெயரோடு போட்டார். அடுத்த ஞாயிறு நான்கு கார். பெரியவர் ஆளுக்கு 200 ரூபாய் வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார். அவர்களிடம் ஸ்பீக்கரும் இருந்தது. நாங்கள் போய்ச் சங்கடப்பட்டோம். அவர் கோபப்படவில்லை. "நீங்க வருசத்துக்கு ரெண்டு தடவ வர்றீங்க. அவங்க வாராவாரம் வர்றாங்க. நான் யாரப் பகைச்சுக்கறது?" என்றார். எங்களிடம் உள்ளதைவிட நேர்மையான கேள்வி. நிலம் அவருடையது, பணம் அவர் கைக்குப் போகவேண்டும் என்று சொன்னது நாங்கள்தான், போனபின் அதை எப்படிச் சம்பாதிக்க வேண்டும் என்றும் நாங்களே சொல்வது முறையில்லை. கடைசியில் அவர் மகன் ஒரு வழி செய்தார்: கட்டணம் உண்டு, ஸ்பீக்கர் வாசலிலேயே வாங்கி வைக்கப்படும், ஒரு நேரத்தில் ஐந்து பேர். பெரும்பாலும் நடக்கிறது, எப்போதும் இல்லை. பாறை மேட்டுச் சின்னானின் இடத்தை நான் எழுதாததற்குக் காரணம் இந்த நான்கு கார்.

மூன்றாவது, வானம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டி மலைப்பாதையில் மண் சரிந்தது. அந்த மாதப் பயணம் ரத்து. பயணம் இல்லையென்றால் வாடகையும் இல்லை என்றுதான் எங்கள் ஏற்பாடு இருந்தது, அப்படித்தான் இருக்கக் கூடாது என்று அப்போதுதான் உறைத்தது. மழையில் அவர் காபிப் பழமும் உதிர்ந்திருந்தது. அவருக்குக் காசு அதிகம் தேவைப்பட்ட மாதத்தில் நாங்கள் கையை விரிப்பதாக இருந்தது. பெயர் கொடுத்திருந்த பன்னிரண்டு பேரும் ஆளுக்கு 500 போட்டார்கள், 6,000 போய்ச் சேர்ந்தது. இப்போது வாடகையை ஐப்பசியிலேயே முன்பணமாகக் கொடுத்துவிட்டு, பயணத்தில் வசூலித்துக்கொள்கிறோம். பயணம் நடக்காவிட்டால் நஷ்டம் எங்களுடையது. இந்த ஒரு மாற்றத்தை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

பறவை கூடியதா என்று கேட்பீர்கள். ஒவ்வொரு பயணத்திலும், ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பிலும் பட்டியல் எடுத்து, பறவைப் பதிவு இணையதளமான இ-பேர்டில் ஏற்றுகிறோம். கைவிரல்விட்டு எண்ணக்கூடிய சில காலைப்பொழுதுகளின் பட்டியலை வைத்துக்கொண்டு பறவை பெருகிவிட்டது என்று நான் சொன்னால் அது பொய்க்கணக்கு. இச்சி நிற்கிறது. அது பழுக்கும்போது பந்தி நடக்கிறது. அவ்வளவுதான் உறுதியாகத் தெரியும்.

கீழே முளைத்தது

எதிர்பாராதது ஒன்று நடந்தது. காபித் தோட்டத்தில் களை வெட்டும்போது காபியைத் தவிர எல்லாமே களைதான். இரண்டாம் வருடம் இச்சியின் கீழே களை வெட்டிக்கொண்டிருந்த ஒரு அக்கா கொத்தை நிறுத்திவிட்டு, "இது நாவல். இது செண்பகம். இது பேரு தெரியாது, ஓடைப் பக்கம் பாட்டன் காலத்து மரம் ஒண்ணு நிக்குது, அதோட பிள்ளை" என்று காட்டினார். விரல் உயரக் கன்றுகள். இச்சிப் பழத்துக்கு வருகிற பறவைகள் வேறெங்கோ தின்றுவிட்டு வந்த பழத்தின் கொட்டையை இங்கே உட்கார்ந்து எச்சமிட்டுப் போயிருக்கின்றன. நாங்கள் பத்து ரூபாய் கொடுத்து வாங்கித் தப்பான இடத்தில் நட்டதை, குக்குறுவான் காசில்லாமல் சரியான வகையாகப் பார்த்துக் கொண்டுவந்து போட்டிருந்தது.

பெரியவர் அவற்றைப் பால் கவரில் எடுத்து வைக்கச் சொன்னார். மழைக்காலத்தில் ஓடையோரம், காபி வைக்க முடியாத வழுக்குச் சரிவில் நட்டார்கள். காட்டுமாடு சிலவற்றை மிதித்தது. மற்றவை நிற்கின்றன. நீர் ஊற்ற வேண்டியிருக்கவில்லை.

போன முறை வாடகை கொடுக்கப் போனபோது பணத்தை எண்ணிப் பார்த்து மடியில் செருகிக்கொண்டு, என்னை ஓடைப் பக்கம் கூட்டிப்போனார்.

"மேல நிக்கற மரத்துக்கு வாடகை குடுக்கறீங்க. கீழ நிக்கற இந்தப் பிள்ளைங்களுக்கு?"

எவ்வளவு என்று கேட்டேன்.

"மொதல்ல எண்ணுங்க" என்றார்.

நோட்டைத் திறந்து எண்ண ஆரம்பித்தேன். முப்பத்தேழு வரை வந்திருப்பேன், இச்சியிலிருந்து குக்குறுவான் குட்ரூ குட்ரூ என்று ஆரம்பித்தது, நிமிர்ந்து பார்த்தேன், எண்ணிக்கை விட்டுப்போயிற்று. பெரியவர் சிரித்தார். மறுபடி ஓடை முனையிலிருந்து ஒன்று, இரண்டு என்று தொடங்கினோம்.